ஐம்பத்தாறு சென்டிமீட்டர்

மார்ச் 4

அளவுகாரருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஸ்டூல் போட்டு ஏறி, படுக்கையறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த என் சைக்கிள் ஃபிரேமை இறக்கினேன். அதற்கப்புறம்தான் பால் காய்ச்சினேன். ஈரத்துணியால் ஒருதரம் துடைத்ததும் அந்தச் சாம்பல் நீலம் நேற்றுப் பெயின்ட் அடித்ததுபோலத் தெரிந்தது. கீழ்ப்பக்கக் குழாயில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்தியிருக்கிறது. மற்றபடி பழுது எதுவும் என் கண்ணில் படவில்லை.

அதை விற்கப் போகிறேன். என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை. இந்த மாதிரி நெடுந்தூரம் ஓட்டுகிற எஃகு டூரிங் ஃபிரேமைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான். ஃபோன் செய்திருக்கலாம். மகள் போட்ட விதி உனக்கும் நினைவிருக்கும்: "நீங்க ரெண்டு பேரும் பேசினா கோர்ட்டு மாதிரி இருக்கு. எழுதிக்கோங்க. எழுதறப்போதான் மனுஷங்க மாதிரி இருக்கீங்க." நாம் பிரிந்த இந்த நாலு வருஷத்தில் அவள் சொன்னதில் இந்த ஒன்றைத்தான் இரண்டு பேரும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறோம்.

ஏன் விற்கிறாய் என்று கேட்பாய். ஏப்ரல் முடிவில் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டோடு போய் இருக்கப் போகிறேன். அவள் பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டாயிற்று. கட்டில், அலமாரி, ஒரு நாற்காலி. அதற்கு மேல் அங்கே எதுவும் நுழையாது. நுழைந்தாலும் அக்கா விடமாட்டாள். "நாப்பத்தாறு வயசுல தனியா இருந்துக்கிட்டு எதுக்குடி இந்தக் கூத்து?" என்று போன வருஷம் ஆரம்பித்தவள், நான் சரி என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை.

அவள் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. உனக்குச் சொல்லவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி சைக்கிளை வெளியே எடுத்தேன். நீ போன பிறகு அதுதான் முதல் தடவை. சீட்டை முடிந்தவரை இறக்கியும் கால் நுனிதான் தரையைத் தொட்டது. ஹேண்டிலுக்குக் கை நீட்டினால் முதுகு இழுத்தது. கேட்டைத் தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், காலை ஊன்ற முடியவில்லை, அப்படியே சாய்ந்து விழுந்தேன். முழங்கை பிய்ந்தது. அடி பெரிசில்லை. ஆனால் இதே சைக்கிளில் மலைப்பாதை எல்லாம் ஏறி இறங்கியவள் தெருமுனைகூடப் போகமுடியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே கழற்றி, ஃபிரேமைச் சுவரில் மாட்டி, மற்றதைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அது ஒன்றினால் மட்டும் வீட்டை விடுகிறேன் என்று நினைக்காதே. ஆனால் அதற்குப் பிறகு எது வந்தாலும் முதலில் 'நம்மால் முடியுமா' என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிற இடத்தில் அக்கா போன்ற ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தால் நாம் சரி என்று சொல்லிவிடுவோம்.

எப்படி விலை சொல்வது என்று எழுது. மகளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

காதுக்காரி


மார்ச் 9

காதுக்காரிக்கு,

விழுந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

ஃபிரேமுக்கு வருகிறேன். உன்னுடையதில் கம்பெனிப் பேர் கிடையாது. நாம் ஆளைப் பிடித்து அளவு கொடுத்துச் செய்தது. அது நமக்குப் பெருமை, வாங்குகிறவனுக்குச் சந்தேகம். மேலும் அது மறுபடி பெயின்ட் அடித்த ஃபிரேம். "எதை மறைக்க அடிச்சீங்க?" என்றுதான் முதல் கேள்வி வரும். கோபப்படாதே. அவன் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். எனவே நீயே சோதித்து வைத்துக்கொள். கேட்டால் பதில் இருக்கவேண்டும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தையல் நூல் போதும். பின்சக்கரம் உட்காரும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டு. அங்கிருந்து முன்னால் கொண்டுபோய், ஹேண்டில் செருகுகிற குழாயைச் சுற்றி, அந்தப் பக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டு. நடுவில் சீட் குழாய் இருக்கிறதல்லவா, அதற்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். ஒரு பக்கம் அதிகம் என்றால் எங்கோ அடிபட்டிருக்கிறது, விலை பாதி.

பிறகு துரு. வெளியே பார்த்துப் பயனில்லை, எஃகு உள்ளிருந்துதான் அரிக்கும். சீட் செருகும் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கு. செதில் கொட்டினால் எழுது, வேறு பேசுவோம். விரிசலுக்கு ஒவ்வொரு குழாயையும் ஒரு காசால் தட்டு. விரிந்த இடம் மந்தமாகச் சத்தம் போடும். இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, காதை வைத்துப் பிழைக்கிறவள் நீ.

கடைசியாக அளவு. பெடல் அச்சு போகிற ஓட்டையின் நடுவிலிருந்து சீட் குழாயின் உச்சி வரை. அதுதான் ஃபிரேமின் சைஸ், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் உன் ஒரு மாத வீட்டு வாடகை எவ்வளவோ அதைச் சொல். முக்காலுக்கு இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். இன்னொன்று, அதில் எங்கெல்லாம் போனாய் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்காதே. நமக்கு அது ஞாபகம், வாங்குகிறவனுக்குத் தேய்மானம்.

அக்கா வீடு பற்றி என்னிடம் நீ எதுவும் கேட்கவில்லை. எனவே சொல்லவில்லை.

நானும் இப்போது அதிகம் ஓட்டுவதில்லை. ஏரிவரை போய்வந்தால் அதற்கப்புறம் முதுகு நிமிர மறுக்கிறது, கழுத்து வேறு. டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார். போட்டுக்கொண்டால் மூட்டை தூக்குகிறவன் போல இருக்கிறேன். வயசு உன்னை மட்டும் தேடி வரவில்லை.

அளவுகாரன்


மார்ச் 15

அளவுகாரருக்கு,

நூல் கட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றுதான். குலுக்கினேன், சிலந்தி வீட்டு மிச்சம் தவிர எதுவும் கொட்டவில்லை. டார்ச் அடித்தால் உள்ளே எண்ணெய்ப் பூச்சு மங்கலாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் நீ ஊற்றிக் கவிழ்த்து வைத்ததாகத்தான் இருக்கும்.

தட்டிப் பார்க்கிறது வீட்டில் முடியவில்லை. மேல் வீட்டில் யாரோ டைல்ஸ் அறுக்கிறார்கள். ஆகவே ஒரு காரியம் செய்தேன். வாடகைக் கார் பிடித்து ஃபிரேமை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். காது பரிசோதிக்கிற எங்கள் சத்தம் புகாத அறையில், கடைசி ஆள் போனபிறகு, நோயாளி நாற்காலியில் அதைச் சாய்த்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டினேன். வாசலில் காவல்காரர், "என்ன மேடம், சைக்கிளுக்குக் காது கேக்கலையா?" என்றார். "கேக்குது, பதில்தான் சொல்ல மாட்டேங்குது" என்றேன். "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாக் குழாயும் நன்றாகப் பேசுகிறது. இணைப்புகளின் பக்கத்தில் கொஞ்சம் தடித்த சத்தம், அது இருக்கவேண்டியதுதானே. விரிசல் இல்லை.

அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தோன்றியது. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்வோம். சிலர் ஒன்றுமே கேட்காதபோதும் அழுத்துவார்கள். ஏமாற்றுவதற்கு இல்லை, கேட்டிருக்க வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றிவிடும். வேறு சிலர் நன்றாகக் கேட்டும் அழுத்தமாட்டார்கள். 'நமக்குத்தான் காது போயிடுச்சே' என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். இந்த இரண்டாம் வகையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சரி, விஷயம். ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள். பக்கத்து நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவள். எங்கள் மருந்தகத்துப் பெண்ணின் சிநேகிதி. உயரம் என்றால் உயரம், வாசற்படியில் குனிந்துதான் உள்ளே வந்தாள். விடுமுறையில் கடற்கரையோரமாகவே பல நாள் ஓட்டிக்கொண்டு போகத் திட்டம் வைத்திருக்கிறாளாம். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, கையோடு கொண்டுவந்த ஸ்பேனரால் அவளே பூட்டி, தெருவில் போய்த் திரும்பி வந்தாள். என் சைக்கிளில் இன்னொருத்தி போவதைப் பார்த்தால் என்னவோ போலிருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதுகு ஒரு கோடு போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

இறங்கி, "எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மேடம். இது நீங்க ஓட்டினதா?" என்றாள்.

"எனக்குன்னே செஞ்சதும்மா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். மரியாதை தெரிந்த பெண், விலை என்ன என்று கேட்டாள்.

நீ சொன்ன விலையைச் சொன்னேன். முக்காலுக்குக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை, உடனே தலையாட்டினால் நன்றாக இருக்காதே என்றுதான்.

சைஸ் கேட்டாய் இல்லையா? ஐம்பத்தாறு. அது நல்ல சைஸா?

காதுக்காரி


மார்ச் 20

காதுக்காரிக்கு,

ஐம்பத்தாறு இல்லை. ஐம்பத்திரண்டு.

அதற்கு வரைபடம் போட்டவன் நான். உன்னைச் சுவரோடு நிற்கவைத்து, கால் உள்நீளம், கை நீளம் எல்லாம் அளந்து, செய்கிறவரிடம் கொடுத்தவன் நான். உன்னுடையது ஐம்பத்திரண்டு, என்னுடையது ஐம்பத்தாறு. நீ பெடல் ஓட்டையின் அடிவிளிம்பிலிருந்து அளந்திருப்பாய், அல்லது துணி தைக்கிற டேப்பால் அளந்திருப்பாய், அது இழுபடும். இரும்பு டேப் வாங்கி மறுபடி அள.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு ஃபிரேமில் வாசற்படியில் குனிகிற பெண் ஒருத்தி சௌகரியமாக உட்கார்ந்தாள் என்றால், ஒன்று அவளுக்குச் சைக்கிள் தெரியாது, இல்லை உனக்கு உயரம் தெரியாது. ஐம்பத்தாறு என்று சொல்லி விற்றுவிட்டால், கடற்கரையில் பாதி வழியில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டு உன்னைத்தான் திட்டுவாள். அளவைத் தப்பாகச் சொல்லி விற்பதும் விரிசலை மறைத்து விற்பதும் ஒன்றுதான்.

நாலு சென்டிமீட்டர் தப்பு என்பது எங்கள் சர்வே வேலையில் ஒருவருடைய சுவர் இன்னொருவருடைய நிலத்தில் நிற்கிற அளவு. நீ எப்போதுமே இப்படித்தான். ஏறக்குறைய இருந்தால் போதும் உனக்கு.

இதை எழுதியிருக்க வேண்டாம். கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன், அடித்தால் இன்னும் மோசமாகத் தெரியும்.

அளவுகாரன்


மார்ச் 25

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டேப்பைத் தேடிப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அளந்தது இரும்பு டேப்பால்தான். அதுவும் நீ இங்கே விட்டுவிட்டுப் போன உன் ஆபீஸ் டேப். நடுவிலிருந்துதான் அளந்தேன். ஐம்பத்தாறுதான்.

நீ போன நாளை நினைத்துப் பார். அதற்கு முந்தின மாதம் இரண்டு ஃபிரேமையும் பெயின்டரிடம் கொடுத்திருந்தோம். என்னுடையது சிவப்பு, உன்னுடையது பச்சை. ஒரே கலவை என்றால் மலிவு என்று அவர் சொல்ல, இரண்டுக்கும் சாம்பல் நீலம். அவை திரும்பி வந்தபோது நமக்குள் பேச்சு நின்றிருந்தது. இரண்டும் அட்டை சுற்றி, கயிறு கட்டி, வாசலோரம் சாய்ந்தே கிடந்தன. யாரும் பிரிக்கவில்லை.

அன்றைக்கு நாம் எவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டோம். சாமான் பிரிப்பதில் சண்டை வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தோம். மிக்ஸியை நீ எடுத்துக்கொள் என்று நீ, வேண்டாம் நீயே வைத்துக்கொள் என்று நான். புத்தக அலமாரிக்கும் அதே பாட்டு. வெளியாட்கள் யாராவது பார்த்திருந்தால், இவ்வளவு ஒற்றுமையானவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். நீ வாசலில் நின்று, "இதுதானே என்னோடது?" என்றாய். நான் சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றேன். உன் சட்டைப் பையில் டேப் இருந்திருக்கும். ஊரையே அளக்கிற ஆள் ஒரு கயிற்றை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். நானும் தலையைத் திருப்பியிருக்கலாம்.

இங்கே சுவரில் இருந்தது உன் ஃபிரேம். உன்னிடம் இருப்பது என்னுடையது. நம்பாவிட்டால் அளந்து பார்.

ஒன்று சொல்கிறேன். விழுந்த மறுநாள் வேலைக்குப் போனதும், குழந்தைகள் பிரிவில் உயரம் பார்க்கிற கம்பத்தில் யாரும் இல்லாத நேரம் ஏறி நின்று பார்த்தேன். நான் குள்ளமாகிவிட்டேனோ என்று உண்மையாகவே சந்தேகம். கால் எட்டாததற்கு வேறு காரணமே எனக்குத் தோன்றவில்லை. உயரம் அப்படியேதான் இருந்தது. அப்படியானால் இது பயம், வயசு, எனக்குள் ஏதோ போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு கம்பத்திலிருந்து இறங்கினேன். சைக்கிளை அளக்கவேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அது எனக்காகவே செய்தது அல்லவா, அது எப்படித் தப்பாக இருக்கும்?

பயிற்சிக்காரப் பெண்ணிடம் அடுத்த வாரச் சனிக்கிழமைவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் பொருளை விற்க எனக்கு உரிமையில்லை.

அளந்துவிட்டு எழுது.


மார்ச் 30

காதுக்காரிக்கு,

ஐம்பத்திரண்டு.

இருமுறை அளந்தேன். பிறகு கீழே உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், நல்ல செய்தியா?" என்றார். என்னவென்று சொல்ல? "சைக்கிள் சின்னது சார்" என்றேன். அவர் மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் உன்னைவிட மோசம். நீ ஒரு நாள் ஏறிப் பார்த்து மாட்டிவிட்டாய். நான் நாலு வருஷம் அதை ஓட்டியிருக்கிறேன். இங்கே வந்து பூட்டியபோதே சீட் மிகவும் தாழ்வாகத் தெரிந்தது. நீளமான சீட் கம்பி வாங்கிப் போட்டேன். முட்டி ஹேண்டிலை இடித்தது, ஹேண்டிலை மாற்றினேன். கழுத்து வலித்தது, சீட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். முதுகு பிடித்தது, டாக்டரிடம் போனேன். அவர் ஐம்பதை நெருங்குகிறீர்கள் என்றார், நான் ஆமாம் என்றேன். எக்ஸ்ரே எடுத்தார். பெல்ட் கொடுத்தார். இத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள். சைக்கிளைப் பார்க்க வேண்டியவன் நான் ஒருவன்தான், நான் பார்க்கவில்லை. எல்லாம் நானேதான் என்று நினைத்தேன். தனியாக இருக்கிறவன் உடம்பு இப்படித்தான் ஆகும் போல என்று.

உன் அளவை நான் குறை சொன்ன வரியை மறுபடி படித்தேன். திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நீ வாக்குக் கொடுத்திருந்தால் கொடுத்துவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால், எனக்கு என்னுடையது வேண்டும். ஒருதரமாவது அதில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பெல்ட் இல்லாமல்.

ஒரு யோசனை. நான் நேரிலேயே வருகிறேன். இருபதாம் தேதி வாக்கில் விடுப்பு எடுக்க முடியும். உன் ஃபிரேமைக் காரில் போட்டுக் கொண்டுவருகிறேன். இரண்டையும் பூட்டி, அணைக்கட்டுவரை மெதுவாகப் போய்வரலாம். அதற்கப்புறம் என்னுடையதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். அல்லது எப்படி வருகிறதோ அப்படி. உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரே நினைப்பு. இப்படிக் கயிற்றைப் பிரித்துப் பார்க்காமல் வேறு எதையெல்லாம் நாம் முடிவுகட்டிக்கொண்டோமோ என்று.

தப்பாக எழுதியிருந்தால் சொல்.

அளவுகாரன்


ஏப்ரல் 6

அளவுகாரருக்கு,

தப்பாக எழுதவில்லை. ஆனால் சைக்கிள் கதையை நாம் பிரிந்ததோடு சேர்க்காதே. நம் விஷயத்தில் நாம் எதையும் பிரிக்காமல் விடவில்லை. கடைசி ஆறு மாதம் இரண்டு பேரும் வேறு வேலையே இல்லாமல் அதைத்தானே செய்தோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, சந்தேகம் இல்லை. நீ வரவேண்டாம். வந்தால் நன்றாகத்தான் பேசுவோம், அணைக்கட்டுவரை போவோம், திரும்பும்போது யார் எந்த வழியில் வரச்சொன்னது என்று ஆரம்பிக்கும். கடிதத்தில் உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

ஆகவே பார்சல். உன்னுடையதை நேற்றே அனுப்பிவிட்டேன். அட்டை சுற்றியிருக்கிறது, வந்ததும் முதலில் பிரித்துப் பார்த்துவிடு. என்னுடையதை நீ அனுப்பு. அந்த நீளமான சீட் கம்பியை நீயே வைத்துக்கொள்.

பயிற்சிக்காரப் பெண் சனிக்கிழமை பணத்தோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ உங்க வீட்டுக்காரரோடதையா எனக்கு விக்கப் பாத்தீங்க?" என்றாள்.

"முன்னாள்."

"முன்னாள்னா இன்னும் நல்லதுதானே மேடம். குடுத்துடுங்க."

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். முடியாது என்றதும் கொஞ்சநேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். பிறகு காபி குடித்துவிட்டு, போகும்போது கேட்டாள்: "அப்ப உங்களோடது வந்தா நீங்களே ஓட்டுவீங்களா?" தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அதைத்தான் இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். என் ஃபிரேம் வந்து, பூட்டி, ஏறிப் பார்த்து, அதிலும் என்னால் முடியாமல் போகலாம். முட்டி வலிக்கலாம். நாய் மறுபடி வரலாம். அப்படி ஆனால் அது நிஜமாகவே என்னால் முடியாதது, அதை ஒத்துக்கொள்வேன். ஆனால் போன வருஷத்திலிருந்து முடியாது என்று நான் வரிசையாக விட்டுக்கொடுத்தது ஒவ்வொன்றும், உன் உயரத்துக்குச் செய்த ஒரு சைக்கிளில் ஏறி எனக்கு நானே போட்டுக்கொண்ட தீர்ப்பு. தனியாக வெளியூர் போவதை விட்டேன். ஏணி போட்டு விளக்கு மாற்றுவதற்குக்கூட ஆள் கூப்பிட்டேன். போகிற போக்கில் வீட்டையும் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நேற்று அக்கா ஃபோன் செய்தாள். ஜன்னல் திரைக்குத் துணி வாங்கக் கடையில் நிற்கிறாளாம். "பச்சையா, மஞ்சளா? சீக்கிரம் சொல்லுடி, கடைக்காரன் கத்திரியோட நிக்கிறான்." மஞ்சள் என்றேன். பாவம், ஆசையாகத்தான் செய்கிறாள். அந்த அறை நல்ல அறைதான், வெளிச்சம் வரும். அவளுக்கு யாராவது வந்து தங்கினால் அந்தத் திரை உதவும், நானே போய்ச் சில நாள் தங்குவேன்.

ஏனென்றால் நான் அங்கே குடிபோகவில்லை. அக்காவுக்கு இது தெரியாது. மகளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாலைந்து நாள் ஆகும், அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எனவே உன்னிடம் முதலில் சொன்னதாகவும் ஆகாது. எழுதிப் பார்த்தால் மாற்றி எழுதத் தோன்றுகிறதா என்று பார்க்க நினைத்தேன். தோன்றவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் நாளைக் காலை ஒரு குடும்பத்தை வீடு பார்க்க அழைத்துக்கொண்டு வருகிறார். அவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, இந்த வீடு காலியாகவில்லை என்று சொல்லப் போகிறேன்.

காதுக்காரி